பின்னால் நிற்பவர்கள்: பின்னணி மங்கிய கதை



சபையின் வீடியோக் குழுவில் இப்போது யார் வந்து உட்கார்ந்தாலும் முதலில் தேடுவது இரண்டு பொத்தான்களைத்தான். ஒன்று, பேசுகிறவருக்குப் பின்னால் இருப்பதையெல்லாம் தானாக மங்கலாக்கும். மற்றது, திரையில் ஒரு முகத்தைத் தொட்டுக் காட்டினால் அந்த முகம் போகுமிடமெல்லாம் கூடவே போகும். பாடகர் குழு அசைந்தாலும், பிள்ளைகள் ஓடினாலும், வீடியோ அவர்களை விடாது. "இது எப்ப அக்கா வந்தது?" என்று கேட்கிறீர்கள். கொரோனா காலத்தில் வந்தது என்று சொல்லி முடித்துவிடலாம். அது பாதிப் பதில்கூட இல்லை. பின்னணியை மங்கலாக்கும் ஆசைக்கு 160 வயதாகிறது. அந்தக் கதையின் நடுவில் கல்கத்தாவில் பிறந்து, இங்கிலாந்தில் பேரெடுத்து, இலங்கை மலைநாட்டின் ஒரு சிறிய தேவாலய வளவில் அடக்கமான ஒரு அம்மா நிற்கிறார்.

கிழமை நாட்களில் வார்டிலும் ஞாயிற்றுக்கிழமைகளில் வீடியோக் குழுவிலும் நிற்கிற நர்ஸ்மார் எங்களில் சிலர் இருக்கிறோம். இந்தக் கதையை நாங்கள் தேடிப் படிக்க ஒரு காரணம் உண்டு. அதைப் போகப்போகச் சொல்கிறோம்.

முதலில், மங்கல் எப்படி உண்டாகிறது? லென்ஸின் வாய் அகலமாகத் திறந்திருந்தால் ஒரு குறிப்பிட்ட தூரத்தில் இருப்பது மட்டும் கூர்மையாக விழும். அதற்கு முன்னாலும் பின்னாலும் இருக்கிற ஒவ்வொரு புள்ளியும் ஒரு சிறு வட்டமாகப் பரவிவிடும். அந்த வட்டங்கள் ஒன்றன்மேல் ஒன்று விழுவதுதான் நாம் பார்க்கும் மங்கல். 1840இல் வியன்னாவில் ஜோசப் பெட்ஸ்வால் என்ற கணிதப் பேராசிரியர் உருவாக்கிய லென்ஸ் அப்படி அகன்ற வாய் கொண்டது. அவர் விரும்பியது மங்கலை அல்ல, வெளிச்சத்தை. அதுவரை ஆட்கள் நிமிடக்கணக்கில் அசையாமல் உட்கார வேண்டியிருந்தது. அதைக் குறைக்கவே அந்த லென்ஸ். முகம் தெளிவாகவும் ஓரங்கள் கரைந்தும் விழுந்தது அதனோடு சேர்ந்து வந்த விளைவு. வேண்டாமல் வந்ததை வேண்டுமென்றே பிடித்துக்கொண்டவர்தான் நாம் சொன்ன அம்மா, ஜூலியா மார்கரெட் கேமரன்.

அவர் 1815இல் கல்கத்தாவில், கிழக்கிந்தியக் கம்பனி அதிகாரி ஒருவருடைய மகளாகப் பிறந்தார். கணவர் சார்ல்ஸ் ஹே கேமரன் சட்ட அறிஞர். பள்ளிக்கூடத்தில் இலங்கை வரலாறு படித்த பெற்றோர்களுக்கு அந்தப் பெயர் உடனே தெரியும். 1833இல் இலங்கையின் நிர்வாகத்தையே மாற்றிய கோல்புறூக்-கேமரன் சீர்திருத்தத்தின் கேமரன் அவர்தான். பரீட்சைக்காக மனப்பாடம் செய்த பெயருக்கு இப்படி ஒரு மனைவி இருந்தார் என்று நமக்கு எந்த ஆசிரியரும் சொல்லித்தரவில்லை.

1863 டிசம்பரில் வைட் தீவில் இருந்த அவர்களுடைய வீட்டுக்கு மகளும் மருமகனும் ஒரு கமெராவைப் பரிசாகக் கொண்டுவந்தார்கள். அம்மாவுக்கு அப்போது 48 வயது. கோழிக்கூட்டைக் காலிசெய்து கண்ணாடி அறையாக்கினார், நிலக்கரி வைக்கும் அறையை இருட்டறையாக்கினார். கண்ணாடித் தகட்டில் மருந்தைப் பூசி, அது ஈரமாக இருக்கும்போதே படமெடுத்து, ஈரம் காயுமுன் கழுவ வேண்டும். கையெல்லாம் கறுத்துப்போகும் வேலை. பெரிய தகடு, அகலத் திறந்த லென்ஸ், நிமிடக்கணக்கான நேரம் எல்லாம் சேர்ந்து அவருடைய படங்களில் கண்ணும் மூக்கும் மட்டும் ஓரளவு தெளிவாக இருக்கும். தலைமுடியும் தோளும் அதற்குப் பின்னால் உள்ளதும் மென்மையாகக் கரைந்துபோகும். புகைப்பட சங்கத்தினர் அவருக்குப் போகஸ் பிடிக்கத் தெரியாது என்று எழுதினார்கள். அவரோ 1874இல் எழுதிய நினைவுக் குறிப்பில், கண்ணுக்கு அழகாகத் தெரிந்த இடத்தில் நிறுத்திவிட்டேன், மற்றவர்களைப் போல அதற்கு மேலும் திருகிக் கூர்மையாக்கவில்லை என்ற கருத்தில் பதில் சொன்னார்.

லண்டனில் அவருக்கு ஆதரவாக இருந்தவர் சவுத் கென்சிங்டன் அருங்காட்சியகத்தின் இயக்குநர் ஹென்றி கோல். 1865இல் அவருடைய படங்களை வாங்கினார். 1868இல் அருங்காட்சியகத்திலேயே இரண்டு அறைகளைப் படமெடுக்கக் கொடுத்தார். அதுதான் இன்றைய விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் அருங்காட்சியகம். வால்தம்ஸ்டோ சென்ட்ரலில் ஏறி, விக்டோரியாவில் ஒரு தடவை மாறினால் சவுத் கென்சிங்டனில் இறங்கிவிடலாம். அவருடைய படங்கள் நூற்றுக்கணக்கில் அங்கே உள்ளன.

அந்தப் படங்களில் யார் இருக்கிறார்கள் என்று பாருங்கள். டென்னிசன், டார்வின், கார்லைல், வானியல் அறிஞர் ஹெர்ஷல். எல்லாருக்கும் பெயர் உண்டு, தேதி உண்டு. வீட்டு வேலைக்காரப் பெண்களும் இருக்கிறார்கள். மேரி ஹில்லியர் என்ற பணிப்பெண் இயேசுவின் தாயாகிய மரியாளின் வேடத்தில் அத்தனை முறை உட்கார்ந்ததால் ஊரில் அவருக்கு அதுவே பட்டப்பெயராகிவிட்டது. வேலைக்காரி என்றாலும் பெயர் மிஞ்சியிருக்கிறது.

1875இல் கேமரன் தம்பதியர் இலங்கைக்குக் கப்பலேறினார்கள். கணவருக்கு அங்கே கோப்பித் தோட்டங்கள் இருந்தன. 1869இல் தொடங்கிய இலை நோயால் கோப்பி அழிந்துகொண்டிருந்த காலம் அது. போகும்போது தங்களுடைய சவப்பெட்டிகளையும் கையோடு கொண்டுபோனார்கள் என்று சொல்வார்கள். வயதானவர்களை வீடு மாற்றிப் பார்த்த எங்களுக்கு அது அவ்வளவு விநோதமாகத் தோன்றவில்லை.

அங்கே அவர் எடுத்தவற்றில் இன்று மிஞ்சியவை சில பத்துப் படங்களுக்குள்தான். ஒன்றின் தலைப்பு களுத்துறைக் குடியானவர்கள். இன்னொன்று இளம்பெண், இலங்கை. நேராகக் கமெராவைப் பார்க்கும் முகங்கள். டார்வினுக்குக் கொடுத்த அதே மென்மை, அதே வெளிச்சம். பெயர் மட்டும் இல்லை. ஊர்ப் பெயரும் தொழிலும் போதும் என்று விட்டுவிட்டார். 1877இல் களுத்துறையில் அவரைப் பார்க்க வந்த ஓவியர் மரியான் நோர்த் தன் நினைவு நூலில் ஒரு ஆளைப் பற்றி எழுதுகிறார். அந்த ஆளின் முதுகு அவ்வளவு அழகாக இருந்ததாம். படமெடுப்பதற்காக அவரைத் தோட்டக்காரனாக வேலைக்கு வைக்கும்படி அம்மா மகனிடம் வற்புறுத்தினாராம், அந்த வீட்டில் தோட்டமே இல்லாதபோது! வாசிக்கும்போது சிரிப்பு வரும். பிறகு, அந்த மனிதருடைய பெயர் என்ன என்று நினைத்தால் சிரிப்பு நின்றுவிடும். முதுகு வரலாற்றில் இருக்கிறது, பெயர் இல்லை.

அவர் கடைசியாக வாழ்ந்தது டிக்கோயாப் பள்ளத்தாக்கில், கிளென்கேர்ன் தோட்டத்தில். மலைநாட்டுத் தோட்டங்களில் கோப்பி பறித்தவர்கள் திருநெல்வேலி, மதுரை, இராமநாதபுரம், திருச்சி, சேலம் பக்கங்களிலிருந்து போன நம்முடைய சனங்கள். நம் சபையிலும் அந்த வழியில் வந்த குடும்பங்கள் உண்டு. 1879 ஜனவரி 26இல் அம்மா இறந்தார். பொகவந்தலாவையில் உள்ள சென் மேரிஸ் ஆங்கிலிக்கன் தேவாலய வளவில் அவருக்குக் கல்லறை இருக்கிறது. அடுத்த வருடம் இறந்த கணவரும் அங்கேயே அடக்கமானார். (அவருடைய சகோதரியின் பேத்திதான் எழுத்தாளர் வர்ஜீனியா வுல்ஃப். வர்ஜீனியாவின் கணவர் லெனார்ட் வுல்ஃப் திருமணத்துக்கு முன் யாழ்ப்பாணக் கச்சேரியில் வேலை பார்த்தவர். இலங்கை அந்தக் குடும்பத்தை விடவில்லை.)

இங்கே இன்னொன்றையும் குறித்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும். அந்தக் காலத்து ஈரத் தகடு நீல வெளிச்சத்தை நன்றாகப் பிடிக்கும், சிவப்பையும் மஞ்சளையும் பிடிக்காது. மண்ணிறத் தோல் உண்மையில் இருப்பதைவிடக் கறுப்பாக விழும். நம்மைச் சரியாகப் பார்க்காத கருவிகளின் வரிசை அங்கேயே தொடங்கிவிட்டது.

இனி நம்முடைய ஊருக்கு வருவோம். ஹோ தெருவில் பஸ்ஸுக்கு நிற்கும்போது இது ஒரு சினிமா ஊர் என்று யாருக்கும் தோன்றாது. முதல் உலகப்போரை ஒட்டிய வருடங்களில் ஹோ தெருவில் பிரிட்டிஷ் அண்ட் கொலோனியல் கம்பனியும், வூட் தெருவில் பிராட்வெஸ்ட் கம்பனியும் பேசாத படங்களை எடுத்துத் தள்ளிக்கொண்டிருந்தன. பகல் வெளிச்சத்துக்காகக் கண்ணாடிக் கூரை போட்ட தளங்களும் அவற்றில் உண்டு. ஒருவகையில் கேமரன் அம்மாவின் கோழிக்கூட்டுக் கண்ணாடி அறை பெரிதாக வளர்ந்ததுதான். 1920களின் நடுவுக்குள் அந்த இரண்டு கம்பனிகளும் ஓய்ந்துபோயின. பக்கத்து லேட்டன்ஸ்டோனில் 1899இல் பிறந்த ஒரு காய்கறிக் கடைக்காரர் மகன் பின்னாளில் ஆல்ஃபிரட் ஹிட்ச்காக் ஆனார். லேட்டன்ஸ்டோன் ஸ்டேஷன் சுவரில் அவருடைய படக் காட்சிகளை மொசைக்கில் பதித்திருக்கிறார்கள், அடுத்த முறை அவசரமில்லாமல் பாருங்கள்.

ஓடுகிற படத்தில் ஒரு புதிய சிக்கல் வந்தது. ஆள் நடக்கிறார், போகஸ் அவரோடு நடக்க வேண்டும். அதற்கென்றே ஒரு உதவியாளர் கமெராவின் பக்கத்தில் நிற்பார். நடிகர் எங்கே நின்று எங்கே திரும்புவார் என்று முன்கூட்டியே டேப் வைத்து அளந்து, தரையில் அடையாளம் ஒட்டி, படம் ஓடும்போது லென்ஸ் வளையத்தைக் கையால் மெதுவாகத் திருப்புவார். கோடம்பாக்கத்திலும் அவருக்கு போகஸ் புல்லர் என்றுதான் பெயர். நம் போன் இன்று தொட்டவுடன் செய்வதைப் பல பத்தாண்டுகளாகச் செய்தது அவருடைய விரல்தான்.

எல்லாரும் மங்கலை விரும்பியதில்லை. 1941இல் வந்த சிட்டிசன் கேன் படத்தில் ஒளிப்பதிவாளர் கிரெக் டோலண்ட் முன்னாலிருப்பதையும் பின்னாலிருப்பதையும் ஒன்றாகக் கூர்மையாக வைத்தார். ஒரு காட்சியில் தாய் மகனை வேறொருவரிடம் ஒப்படைக்கும் தாளில் கையெழுத்துப் போடுகிறாள். அவளுக்குப் பின்னால் ஜன்னல். ஜன்னலுக்கு வெளியே, தூரத்தில், ஒன்றும் தெரியாமல் பனியில் விளையாடுகிறான் அந்தப் பையன். இன்றைய போன் அந்தக் காட்சியை எடுத்தால் பையன் கரைந்து போயிருப்பான். முக்கியமானது எப்போதும் முன்னாலேயே நிற்கும் என்று மென்பொருள் நம்புகிறது. வார்டில் வேலை செய்கிறவர்களுக்குத் தெரியும், கட்டிலில் இருப்பவரைவிடக் கதவருகே ஒன்றும் பேசாமல் நிற்கும் உறவினரின் முகமே சில நாட்களில் கூடுதலாகச் சொல்லும்.

லென்ஸ் செய்வது ஒருபுறம் இருக்க, ஆளைப் பின்னணியிலிருந்து வெட்டி எடுக்கும் வேலை தனியாக வளர்ந்தது. அமெரிக்காவில் மாக்ஸ் ஃபிளைஷர் 1915இல் காப்புரிமை கேட்டு 1917இல் பெற்ற கருவியின் பெயர் ரோட்டோஸ்கோப். படத்தை ஒவ்வொரு சட்டமாகக் கண்ணாடியில் விழவைத்து, ஆளின் ஓரத்தைக் கையால் வரைவது. ஒரு விநாடிக்கு 24 சட்டங்கள். ஐந்து நிமிடப் பாடலுக்கு 7200 தடவை ஓரம் வரைய வேண்டும் என்று கணக்குப் போட்டால் அந்த வேலையின் பாரம் விளங்கும். இன்னொரு வழி நீலத் திரை. மனிதத் தோல் எந்த நிறமானாலும் அதில் நீலம் குறைவு. ஆகவே ஆளுக்குப் பின்னால் நீலத் திரையைக் கட்டிவிட்டு, பிறகு நீலத்தை மட்டும் நீக்கினால் ஆள் தனியாக வந்துவிடுவார். இந்த முறையை வண்ணப் படத்தில் பெரிய அளவில் காட்டியது லாரன்ஸ் பட்லர் வேலை செய்த 1940ஆம் வருடத்துத் தி தீஃப் ஆஃப் பாக்தாத். அதில் நடித்த சாபு மைசூர்ப் பக்கத்துக் காராப்பூரைச் சேர்ந்த யானைப்பாகனின் மகன். அந்தப் படத்தை லண்டனுக்கு வெளியே டென்ஹாமில் தொடங்கினார்கள், போர் வந்ததால் அமெரிக்காவில் போய் முடித்தார்கள்.

ரோட்டோ வேலை இன்றும் இருக்கிறது. ஹாலிவுட் படங்களுக்காகச் சென்னையிலும் மும்பையிலும் ஹைதராபாத்திலும் இளைஞர்கள் இராப்பகலாக ஓரம் வரைகிறார்கள். படம் முடிந்து பெயர்ப்பட்டியல் ஓடும்போது நாம் எழுந்து போய்விடுவோம், அவர்கள் அந்தப் பட்டியலில் இருக்கிறார்கள். பாண்டிச்சேரியில் தொடங்கும் லைஃப் ஆஃப் பை படத்தைப் பாருங்கள். கடல் காட்சிகள் தைவானில் ஒரு தண்ணீர்த் தொட்டியில் எடுக்கப்பட்டவை. பெரும்பாலான காட்சிகளில் வரும் புலி கம்ப்யூட்டரில் உருவானது. அதைச் செய்த ரிதம் அண்ட் ஹியூஸ் நிறுவனத்துக்கு மும்பையிலும் ஹைதராபாத்திலும் கிளைகள் இருந்தன. 2013 பிப்ரவரியில் அந்த நிறுவனம் திவாலானதாக அறிவித்தது. அதே மாதம் 24ஆம் தேதி அந்தப் படத்துக்குக் காட்சி அமைப்பு ஆஸ்கார் கிடைத்தது. மேடையில் விருதை வாங்கியவர் தங்கள் நிறுவனத்தின் நிலையைச் சொல்லத் தொடங்கியதும் இசையைப் போட்டு இறக்கிவிட்டார்கள். வெளியே தெருவில் அந்தத் தொழிலாளர்கள் போராட்டம் நடத்திக்கொண்டிருந்தார்கள்.

இனி, பின்தொடரும் பொத்தான். 1981இல் அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் புரூஸ் லூகாஸ், தக்கேயோ கனாடே இருவரும் எழுதிய கட்டுரை இதற்கு அடித்தளம். யோசனை எளிமையானது. ஒரு சட்டத்தில் ஒரு சிறு சதுரத்தை எடுத்துக்கொள்ளுங்கள், சேலையின் கரையில் ஒரு துண்டு என்று வைப்போம். அடுத்த சட்டத்தில் அதே வெளிச்சம் உள்ள சதுரம் கொஞ்சம் நகர்ந்து எங்கே போயிருக்கிறது என்று கணக்கிடுவது. வெறும் வெள்ளைச் சுவரில் இது வேலை செய்யாது, பிடித்துக்கொள்ள ஒன்றும் இல்லை. கரையும் பூவும் உள்ள இடத்தில் நன்றாக வேலை செய்யும். அதற்கும் முன்பே, 1960இல், ருடால்ஃப் கால்மான் ஒரு கணக்கு முறையைக் கொடுத்திருந்தார். ஒரு பொருள் இதுவரை போன வேகத்தை வைத்து அடுத்து எங்கே இருக்கும் என்று ஊகிப்பதும், பார்த்த பிறகு அந்த ஊகத்தைத் திருத்துவதும்தான் அது. சந்திரனுக்குப் போன அப்பல்லோ கலங்களுக்கு வழி காட்டியதும் அந்த முறையே. 2000இல் கோமானிச்சியு, விஸ்வநாதன் ரமேஷ், மீர் என்ற மூவர், உருவம் மாறிக்கொண்டே இருக்கும் பொருளையும் அதன் நிறங்களின் கலவையை வைத்துப் பின்தொடரலாம் என்று காட்டினார்கள். மனிதர் மரக்கட்டை இல்லையே, கையை மடக்குகிறார், திரும்புகிறார். 2010இல் அடோபியின் ஆஃப்டர் எஃபெக்ட்ஸில் வந்த ரோட்டோ பிரஷ், ஒரு சட்டத்தில் கோடு போட்டால் மற்றச் சட்டங்களுக்கு அதுவே ஓரத்தை நகர்த்திக் கொடுத்தது. ஃபிளைஷரின் கைவேலை முதல்முறையாகச் சாதாரண வீட்டுக் கம்ப்யூட்டருக்கு வந்தது அப்போதுதான் என்று சொல்லலாம்.

பிறகு வந்தது நாங்கள் நர்ஸ்மார் உரிமை கொண்டாடக்கூடிய ஒன்று. 2015இல் ஜெர்மனியின் ஃபிரைபூர்க் பல்கலைக்கழகத்தில் ரொன்னபெர்கர், பிஷர், பிராக்ஸ் மூவரும் யூ-நெட் என்ற வலையமைப்பை வெளியிட்டார்கள். அவர்கள் அதைச் செய்தது மைக்ரோஸ்கோப் படங்களில் ஒரு உயிரணு எங்கே முடிகிறது, அடுத்தது எங்கே தொடங்குகிறது என்று பிரிப்பதற்காக. படத்தை முதலில் சுருக்கிச் சுருக்கி மொத்த உருவத்தைப் புரிந்துகொள்ளும். பிறகு விரித்து விரித்து ஒவ்வொரு புள்ளியும் எதைச் சேர்ந்தது என்று சொல்லும். உயிரணுவின் ஓரத்தைக் கண்டுபிடிப்பதும் தலைமுடியின் ஓரத்தைக் கண்டுபிடிப்பதும் ஒரே வேலை. ஆய்வுக்கூடத்தில் பிறந்த அந்த அமைப்பும் அதன் உறவுகளும் இப்போது வீடியோ அழைப்பில் உங்கள் காதையும் சுவர்க்கடிகாரத்தையும் பிரிக்கின்றன. 2016இல் ஐபோன் 7 பிளஸ் இரண்டு லென்ஸ்களை வைத்துத் தூரத்தை அளந்து மங்கலாக்கியது. அடுத்த வருடம் கூகுள் பிக்ஸல் 2 பின்புறம் ஒரே லென்ஸை வைத்துக்கொண்டு அதைச் செய்தது. 2021இல் ஐபோன் 13 வீடியோவிலேயே யார் திரும்பிப் பார்க்கிறார் என்று பார்த்து போகஸை மாற்றியது. போகஸ் புல்லரின் விரல் இப்படித்தான் போனுக்குள் போனது.

வீடியோ அழைப்பில் மங்கலாக்குவது பற்றிய கதை தனி. மைக்ரோசாஃப்டில் வேலை செய்த ஸ்வேதா மச்சனவஜ்ஜலா இந்தியாவில் பிறந்தவர், காது கேளாதவர், உதடுகளைப் பார்த்துப் பேச்சைப் புரிந்துகொள்பவர். ஊரிலிருக்கும் பெற்றோரோடு வீடியோவில் பேசும்போது பின்னாலிருந்த வெளிச்சம் அவர்களுடைய முகத்தை மறைத்தது. பின்னணியை அடக்கினால் உதடு தெரியும் என்று அவருக்குத் தோன்றியது. நிறுவனத்தின் உள்ளே நடந்த போட்டியில் சக ஊழியர்களோடு அதை முயன்றார். 2018இல் மைக்ரோசாஃப்ட் டீம்ஸில் அது எல்லாருக்கும் வந்தது. 2020 மார்ச்சில் தேவாலயங்கள் பூட்டப்பட்டு, அடக்க ஆராதனைகளையும் திரையில் பார்த்த நாட்களில், சமையலறையை மறைக்க நாம் அழுத்திய பொத்தான் ஒரு மகள் அம்மா அப்பாவின் வாயைப் பார்க்க வேண்டும் என்று கேட்டதிலிருந்து வந்தது.

இந்தக் கதையைத் தேடிய காரணத்தைச் சொல்வதாக இருந்தோம். 2020 டிசம்பரில் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் மிச்சிகன் மருத்துவர்களின் ஆய்வு ஒன்று வந்தது. விரலில் மாட்டி இரத்தத்தில் ஒட்சிசன் எவ்வளவு என்று பார்க்கும் கருவி உங்கள் எல்லாருக்கும் தெரியும், அந்த வருடம் பல வீடுகளிலும் ஒன்று இருந்தது. அந்தக் கருவி 92 முதல் 96 சதவீதம் வரை காட்டிய நோயாளிகளில், இரத்தத்தை எடுத்துச் சோதித்தபோது உண்மையில் 88க்கும் குறைவாக இருந்தவர்கள் வெள்ளையரில் 3.6 சதவீதம், கறுப்பினத்தவரில் 11.7 சதவீதம். ஒளி தோலுக்குள் போய் வரும் கணக்கில் தோலின் நிறம் சரியாகச் சேர்க்கப்படவில்லை. மார்கரெட் வைட்ஹெட் அம்மையார் தலைமையில் பிரிட்டிஷ் அரசு நடத்திய விசாரணையின் அறிக்கை 2024 மார்ச்சில் வந்தது, அதுவும் இதே கவலையைச் சொன்னது. கறுத்த தோலுள்ளவர் மூச்சு வாங்கினால், எண்ணை மட்டும் பார்க்காமல் ஆளையும் பார் என்று இன்று நாங்கள் மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறோம்.

விரலைப் பார்க்கும் ஒளிக்கு அந்தச் சிக்கல் இருந்தால் முகத்தைப் பார்க்கும் கமெராவுக்கு இருக்காதா? இருக்கிறது. வண்ணப்படச் சுருளை அளவு பார்க்கக் கோடாக் பல வருடங்கள் பயன்படுத்தியது வெள்ளைக்காரப் பெண் ஒருத்தியின் படம் உள்ள அட்டை. ஷர்லி அட்டை என்பார்கள். மண்ணிறம் சரியாக விழவில்லை என்று கேட்டு நிறுவனத்தை அசைத்தவர்களில் சாக்லேட் கம்பனிகளும் மரத்தளபாடக் கம்பனிகளும் முக்கியமானவர்கள் என்பதைப் படித்தபோது எங்களுக்குச் சிரிப்பதா கோபப்படுவதா தெரியவில்லை. 2018இல் ஜாய் புவலம்வினி, டிம்னிட் கெப்ரு என்ற இரு ஆய்வாளர்கள் முகத்தை ஆணா பெண்ணா என்று சொல்லும் மூன்று நிறுவன மென்பொருள்களைச் சோதித்தார்கள். வெளிர் நிற ஆண்களில் பிழை 0.8 சதவீதத்தைத் தாண்டவில்லை. கறுத்த நிறப் பெண்களில் 34.7 சதவீதம் வரை போனது. 2020 செப்டம்பரில் கனடாவில் ஒரு பேராசிரியர் வீடியோ அழைப்பில் பின்னணிப் படம் போட்டதும் அவருடைய தலையே மறைந்துபோனது. அவர் கறுப்பினத்தவர். மென்பொருள் அவருடைய தலையைப் பின்னணி என்று எண்ணிவிட்டது.

மரநிறச் சுவர், குறைந்த வெளிச்சம், கறுத்த முகம், கறுத்த முடி, கருநீலக் கோட்டு. நம்முடைய மாலை ஆராதனையின் பின்வரிசை அப்படித்தான் இருக்கும். அங்கே தானியங்கி மங்கலைப் போட்டால் முதலில் கரைவது யார் என்று நீங்களே யோசியுங்கள். ஆகவே நாங்கள் முதலில் முகத்துக்கு ஒரு விளக்கு வைக்கிறோம், சுவருக்கும் ஆளுக்கும் இடையில் கொஞ்சம் இடம் விடுகிறோம், அதன் பிறகே பொத்தானைத் தொடுகிறோம்.

மற்ற விஷயம் மறைப்பது பற்றியது, இதில் இன்னும் கவனம் வேண்டும். நம் சபையில் அடைக்கலம் கேட்டுக் காத்திருக்கிறவர்கள் உண்டு. ஊரிலிருக்கும் சொந்தங்களுக்காகத் தங்கள் முகம் வெளியே போகக்கூடாது என்று கேட்கிறவர்கள் உண்டு. பிள்ளையின் படம் இணையத்தில் வேண்டாம் என்று சொல்லும் பெற்றோரும் உண்டு, காரணம் சொல்ல வேண்டிய கட்டாயம் அவர்களுக்கு இல்லை. முகத்தில் மங்கலைப் போட்டு, பின்தொடரச் சொல்லிவிட்டால் வேலை முடிந்தது என்று நினைப்பது ஆபத்து. 2007இல் சர்வதேசப் போலீஸ் தேடிய ஒரு குற்றவாளி தன் முகத்தைச் சுழல்போல முறுக்கிப் படங்களைப் போட்டிருந்தான். ஜெர்மன் நிபுணர்கள் அந்த முறுக்கைத் திருப்பி அவிழ்த்து முகத்தைக் கண்டுபிடித்தார்கள். அது நல்லதற்கு நடந்தது. அதே கத்தி மறுபக்கமும் வெட்டும். 2016இல் டெக்சாஸ், கார்னெல் ஆய்வாளர்கள், மங்கலாக்கிய முகங்களையும் கட்டம் கட்டமாக்கிய முகங்களையும் பயிற்சி கொடுத்த கம்ப்யூட்டர் அடையாளம் காணும் என்று காட்டினார்கள். ஆகவே மறைக்க வேண்டிய முகத்துக்கு நாங்கள் மங்கலைப் போடுவதில்லை. ஒரே நிறத்தில் முழு வட்டத்தைப் போடுகிறோம். சேர்க்காமல் விட முடிந்தால் அந்தக் காட்சியையே விட்டுவிடுகிறோம்.

பின்தொடரல் எங்கே வழுக்கும் என்பது லூகாஸும் கனாடேயும் சொன்ன அடிப்படையிலிருந்தே தெரியும். பிள்ளை தூணுக்குப் பின்னால் போய் மறுபக்கம் வரும்போது, இரண்டு வெள்ளைச் சட்டைகள் ஒன்றையொன்று கடக்கும்போது, யாராவது விளக்கை அணைக்கும்போது. அப்போது வட்டம் அடுத்த பிள்ளையின் தலைக்குத் தாவிவிடும், மறைக்க வேண்டிய முகம் இரண்டு மூன்று சட்டங்களுக்குத் திறந்து கிடக்கும். விநாடியில் பத்தில் ஒரு பங்கு, பார்க்கிறவர் கண்ணுக்குத் தெரியாது. நிறுத்திப் பார்க்கிறவருக்கு அது போதும். அறுப்பின் பண்டிகை, கிறிஸ்துமஸ் நாடகம் போன்றவற்றில் அந்த இடங்களை இரண்டு பேர் தனித்தனியாகச் சட்டம் சட்டமாகப் பார்த்த பிறகே வீடியோ வெளியே போகிறது. வெளியே போவது மறைத்த பிரதி. மறைக்காத மூலம் எடிட்டிங் கோப்பில் அப்படியே கிடக்கும் என்பதையும் மறக்கக்கூடாது, அது யாருடைய மடிக்கணினியிலும் வீட்டுக்குப் போகக்கூடாது.

கடைசியாக ஒரு வேண்டுகோள். சபை தொடங்கிய காலத்திலிருந்து எடுத்த பழைய அச்சுப் படங்கள் மூன்று பெட்டிகளில் இருக்கின்றன. இப்போது அவற்றைக் கம்ப்யூட்டரில் ஏற்றிக்கொண்டிருக்கிறோம். முன்வரிசையில் நிற்கும் போதகர்களையும் விருந்தினர்களையும் எல்லாருக்கும் தெரிகிறது. பின்வரிசையில், போகஸுக்கு வெளியே, தட்டுகளோடும் கைக்குழந்தைகளோடும் நிற்கிறவர்கள் பலருக்கு எங்களிடம் பெயர் இல்லை. அம்மாமார், அப்பாமார், மாமிமார் யாருக்காவது தெரிந்தால், ஞாயிறு ஆராதனை முடிந்து கீழ் மண்டபத்துக்கு வாருங்கள். படங்களை மேசையில் பரப்பி வைத்திருப்போம். பென்சிலும் தேநீரும் இருக்கும்.